பச்சை என்றால் காலி

அக்டோபர் 8, புதன்

மகள் கோகிலாவின் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. தை பதினாலு, புதன்கிழமை, வளர்பிறை முகூர்த்தம். மாப்பிள்ளை பிரகதீஷ், பெருந்துறைப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் சென்னியப்பனின் ஒரே பையன். பையனைக் குறை சொல்ல இன்னும் எதுவும் அகப்படவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

இனி மண்டபம் பிடிக்க வேண்டும். கோபியில் தை மாதத்துக்கு மண்டபம் கிடைப்பது குதிரைக் கொம்பு. தானே பார்த்துக்கொள்வதாகக் கோகிலா பெங்களூரிலிருந்து சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். என் மனைவி வசந்தாமணி போய் ஆறு வருஷமாகிறது. அவள் இருந்திருந்தால் இதையெல்லாம் பேசி முடிவு செய்திருப்போம். இல்லாதபோது பெற்றவன்தான் செய்ய வேண்டும். சார்பதிவாளராக இருந்து ஊரிலுள்ள அத்தனை பேர் சொத்துக்கும் முத்திரை குத்தியவனுக்கு ஒரு மண்டபம் பிடிக்கத் தெரியாதா என்ன?

கோகிலா பார்க்கும் வேலையே ஒரு வேடிக்கை. கம்பெனிகளின் வெப்சைட்டுகள் எல்லாருக்கும் பயன்படும்படி இருக்கின்றனவா என்று சோதித்துச் சொல்ல வேண்டுமாம். கண் தெரியாதவர், காது கேளாதவர், கை நடுங்குகிறவர், எல்லாரும் கடைக்குள் வந்து போகும்படி இருக்க வேண்டுமாம். இதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள்.

"கண்ணு தெரியாதவன் எதுக்குச் சாமி கம்ப்யூட்டர்ல போயி சட்டை வாங்கறான்?" என்று கேட்டேன்.

"அவங்களும் சட்டை போட்டுத்தானுங்கப்பா வெளிய போகோணும்" என்றாள். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

சந்தையில் தக்காளிக்காரன் மறுபடியும் பாதிக்குப் பாதி காயாகக் கொடுத்துவிட்டான். திரும்பப் போய்க் கேட்டால், "நீங்களேதானுங்க பொறுக்குனீங்க" என்கிறான். என்ன திமிர். இனி அவனிடம் வாங்குவதில்லை. இதோடு மூன்று கடையை விட்டாயிற்று.

அக்டோபர் 12, ஞாயிறு

செண்பகம் மஹாலுக்குப் போனேன். ஊரிலேயே இடவசதி உள்ள மண்டபம் அதுதான். முதலாளிப் பெரியவர் இருந்தவரை வாசல் அறையில் உட்கார்ந்து, வந்தவருக்கு மோர் கொடுத்து, தேதி சொல்லுவார். அவர் போனபின் மகன் நவநீதன் கையில் வந்திருக்கிறது. சிங்கப்பூரில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். கேட்டில் பலகை: பதிவு அனைத்தும் வெப்சைட் மூலம் மட்டுமே. தொலைபேசி எண் கிடையாது.

காவல்காரரிடம் விசாரித்தேன். "உள்ள யாருமில்லீங். வர்றவங்கல்லாம் இந்தப் போர்டைப் பார்த்துப்போட்டு எதுத்த மண்டபத்துக்குப் போயிர்றாங்க" என்றார். வயசானவர்கள் என்றால் சித்தே நின்று திட்டிவிட்டுப் போகிறார்களாம்.

சிமெண்டும் செங்கலும் இருந்தால் மண்டபம் கட்டிவிடலாம். வந்தவனை 'வாங்க' என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அது சிங்கப்பூரில் விற்பதில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

நவநீதனின் வெப்சைட்டைத் திறந்தேன். திறந்த உடனே நாதஸ்வரம். அதை நிறுத்தும் பொத்தானைத் தேடுவதற்குள் கெட்டிமேளமே முடிந்துவிட்டது. பிறகு பூக்கள் மேலிருந்து விழுந்தன. அதற்குப் பின்னால் மேடையின் படம், சமையற்கூடத்தின் படம், நவநீதன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம்.

'தேதி' என்ற இடத்தில் மாதக் காலண்டர் வருகிறது. கட்டம் கட்டமாக இருக்கிறது. கட்டத்துக்குள் தேதி எண்ணைத் தவிர ஓர் எழுத்து இல்லை. அடியில் பொடியாக ஒரு வரி: பச்சை என்றால் காலி. அவ்வளவுதான். அதற்கு மேல் நமக்குச் சொல்ல அவர்களுக்கு ஒன்றுமில்லை.

ஜன்னல் வெயில் திரையில் அடித்தது. கண்ணாடியைத் துடைக்க வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 16, வியாழன்

பார்க்கவில்லை. சாக்கடை அடைப்பு எடுக்க ஆள் வந்திருந்தான்.

அக்டோபர் 17, வெள்ளி

சம்பந்தி சென்னியப்பன் வந்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் சொந்தமாக ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது. நான் காபி வேண்டுமா என்றால் "நீங்க குடிச்சாச் சரிதானுங்க" என்கிறார். இப்படிப்பட்டவர் எப்படி ஆலை நடத்துகிறாரோ தெரியவில்லை. எல்லாம் அவர் வீட்டு அம்மா தனபாக்கியம்தான் என்று நினைக்கிறேன்.

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே வெப்சைட்டைத் திறந்தேன். தை பதினாலுக்கான கட்டத்தைக் காட்டி, "காலியாத்தானுங்களே இருக்குது சம்பந்தி, அமுக்கிரலாமுங்களா?" என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கடைசியில், "நீங்க பார்த்துச் சொன்னாச் சரிதானுங்க" என்றார். வேறென்ன சொல்லப் போகிறார்.

அமுக்கினேன். முன்பணமும் கட்டினேன். ரசீது வந்தது. 'தங்கள் பதிவு பெறப்பட்டது, நன்றி' என்றிருந்தது. பக்கத்தில் ஒரு வட்டப் புள்ளி. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை இரண்டு முறை படித்தேன். படிக்காமல் எந்தத் தாளையும் நான் வாங்கியதில்லை. மண்டபம் முடிந்தது. இதற்குப் போய் ஊரெல்லாம் ஏன் அலைகிறார்கள் என்று தெரியவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கோகிலா எனக்குச் சட்டை எடுத்து வந்தாள். வெள்ளை இல்லை. வெள்ளைதான் எனக்குப் பொருந்தும் என்று பீரோவில் வைத்துவிட்டேன். என்ன நிறம் என்று கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும்.

நவம்பர் 2, ஞாயிறு

ஈரோட்டில் கூறைச் சேலை எடுத்தார்கள். என்னையும் கூட்டிப் போனார்கள். ஒரு ஜவுளிக் கடையில் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை? கடைக்காரப் பையன் சேலைகளை விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தான். தனபாக்கியம் இரண்டைத் தனியே எடுத்து என் மடியில் வைத்தார்.

"அரக்குங்களா, இலைப்பச்சைங்களா? நீங்களே சொல்லுங்கண்ணா. உங்க கையால எடுத்துக் குடுத்ததா இருக்கட்டும்."

நயத்தைத்தான் பார்க்க வேண்டும், நிறம் துவைத்தால் போய்விடும் என்றேன். "பட்டுங்க சார், போகாது" என்று கடைக்காரப் பையன் முகத்தைச் சுளித்தான். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பச்சையே இருக்கட்டுமுங்க" என்று ஒன்றைத் தூக்கிக் கொடுத்தேன். தனபாக்கியம் அதைக் கையில் வாங்கி, சேலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அரக்கே இருக்கட்டுமுங்கண்ணா" என்று அதையே எடுத்துக்கொண்டார்.

என்னைக் கேட்பானேன், பிறகு மாற்றுவானேன்? பெண்களுக்கு ஒரு நிலை கிடையாது.

நவம்பர் 14, வெள்ளி

அழைப்பிதழ் வந்துவிட்டது. மூன்று முறை பிழை பார்த்தேன். 'செண்பகம் மஹால், கோபிசெட்டிபாளையம்' என்று கொட்டை எழுத்தில் நன்றாக இருக்கிறது.

அச்சகக்காரரின் மகனுக்கு ரயில்வேயில் என்ஜின் ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறதாம். வாய் ஓயாமல் சொன்னார். பெரிய உத்தியோகம்தான், ராத்திரி பகல் என்று இல்லாமல் கரியும் புகையும். எனக்கும் இருபத்திரண்டு வயதில் அதே வேலை வந்தது. பரீட்சையில் மாவட்டத்திலேயே முதலில் வந்திருந்தேன். மருத்துவப் பரிசோதனைக்குப் போய்விட்டு, வேண்டாமென்று திரும்பி வந்துவிட்டேன். அதைப் பற்றி நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

நவம்பர் 26, புதன்

சமையல் மாரப்பனிடம் பேசினேன். தை பதினாலு, செண்பகம் மஹால் என்றதும் சிரித்தார்.

"அன்னிக்கு அங்கதானுங்க சமைக்கிறேன். ஆனா உங்க கல்யாணத்துக்கு இல்லீங். சத்தியமங்கலத்துக்காரங்க செப்டம்பர்லயே மண்டபத்தைப் பிடிச்சுட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

ரசீது என் கையில் இருக்கிறதென்றேன். கரண்டி பிடிக்கிறவனுக்குத் தேதி எங்கே நினைவிருக்கப் போகிறது. நாளைக்கு நேரில் போய் நவநீதனை ஒரு கை பார்த்துவிட்டு வருகிறேன்.

நவம்பர் 27, வியாழன்

மாரப்பன் சொன்னது சரிதான்.

நவநீதனைப் பிடிக்கவே காலையிலிருந்து காத்திருக்க வேண்டியிருந்தது. கண்ணாடி அறை, குளிர்சாதனம், சுழலும் நாற்காலி. கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, "உங்க டேட்டு ரெட்டுல இருந்துருக்குதுங்க சார். ரெட்டுன்னா ஏற்கெனவே புக் ஆயிருச்சுன்னு அர்த்தம். அதுல அமுக்குனா வெயிட்டிங் லிஸ்ட்டுக்குத்தான் போகும். ரசீதுலயும் ரெட் புள்ளி இருக்குதே" என்றான்.

"காத்திருப்புன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமல்லங்க தம்பி?"

"எழுத்துப் போட்டா லுக்கு போயிருமுங்க சார். டிசைன் பண்ணுனவரு சென்னைல பெரிய ஆளு."

"படிக்கிறவனுக்குத் தெரியோணுமல்ல?"

"இதுல படிக்கறதுக்கு என்னங்க சார் இருக்குது? எல்.கே.ஜி. போற எம்பொண்ணே ரெட்டு, கிரீனு கரெக்டாச் சொல்லும்."

அவன் உதவியாளர் பெண் குனிந்து சிரித்தது எனக்குத் தெரிந்தது. இதற்குப் பதில் என்னிடம் ஒரே வாக்கியத்தில் இருந்தது. சொல்லவில்லை. இந்த மாதிரி ஆட்களிடம் பேசுவது வீண். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் கோபம் தணியவில்லை. ஒரு கிரயப் பத்திரத்தில் நிலத்தின் வரைபடம் எவ்வளவு அழகாக இணைத்திருந்தாலும், நான்கு எல்லையையும் எழுத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே வண்டிப் பாதை, வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் காடு என்று. ஏன் எழுதுகிறோம்? படம் புரியாதவனும் உலகத்தில் இருக்கிறான் என்பதால். அவனுக்கும் நிலம் இருக்கிறது என்பதால். எழுத்தறியாதவன் வந்தால் வாசித்துக் காட்டி, 'வாசித்துக் காட்டப்பட்டது' என்று அதையும் எழுதுவோம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நடக்கிற காரியம். கையைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிற நவநீதனுக்கு இந்த அறிவு இன்னும் வந்து சேரவில்லை. புள்ளி வைக்கிறானாம் புள்ளி. கோலம் போடுகிறவன் புள்ளி வைக்கட்டும்.

ஊரிலுள்ள மற்ற மண்டபங்களில் விசாரித்தேன். தை பதினாலுக்கு ஒன்றும் இல்லை. அழைப்பிதழ் பாதிக்கு மேல் கொடுத்தாயிற்று. சம்பந்திக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நவம்பர் 29, சனி

கோகிலா வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அந்த வெப்சைட்டைத் தன் மடிக்கணினியில் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏதோ செய்து, அந்தக் காலண்டரைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக வரவைத்தாள்.

"அப்பா, இது ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

உற்றுப் பார்த்தேன். எழுத்து ஒன்றுதான், கட்டம் ஒன்றுதான், எல்லாம் ஒன்றுதான். "ரெண்டும் ஒண்ணுதானே. எதுக்கு ஒண்ணையே ரெண்டா வெச்சுருக்கறே?" என்றேன்.

அவள் கணினியை மெதுவாக மூடினாள். அடுக்களைக்குப் போய் இரண்டு டம்ளர் காபியோடு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நூறு ஆம்பளைங்களை எடுத்தா, நாலஞ்சு பேராவது இருப்பாங்கப்பா" என்றாள்.

"யாரு?"

"இல்லீங்க. என்ற வேலையைப் பத்திச் சொன்னேன். நாங்க போயிச் சொன்னா, எல்லாக் கம்பெனிக்காரங்களும் தருமத்துக்குக் கேக்கறோம்னு நினைச்சுக்கறாங்க. தருமமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கடை வாசல்ல கல்லைப் போட்டு வெச்சா, வர்ற ஆளு எதுத்த கடைக்குப் போயிருவான். அந்தக் கல்லை எடுங்கன்னுதான் சொல்றோம். நிறத்தோட ஒரு வார்த்தையும் சேர்த்து எழுதறதுக்கு ஒரு மணி நேர வேலைகூட இல்லீங்கப்பா."

இவள் வேலையைப் பற்றி நான் கேட்கவே இல்லை. எதற்கு இப்போது சொன்னாள் என்று தெரியவில்லை. காபியில் சர்க்கரை அதிகம்.

நவம்பர் 30, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

சென்னியப்பனும் தனபாக்கியமும் காலையில் வந்தார்கள். மாரப்பன் வாய் சும்மா இருக்குமா, விஷயம் அவர்கள் காதுக்குப் போயிருந்தது. மாப்பிள்ளை வரவில்லை, ஆலையில் லோடு ஏற்றுகிறான் என்றார்கள். தனபாக்கியம் உட்கார்ந்ததும் நேராகக் கோகிலாவைத்தான் பார்த்தார்.

"பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைன்னு எங்க ஒறம்பரை, சொந்தக்காரங்களுக்கெல்லாம் பெருமையாச் சொல்லி வெச்சிருக்கறேன் அம்மிணி. ஒரு தேதியைப் பார்த்து அமுக்கறதுக்குக்கூடத் தெரியலீன்னா, கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

அவள்தான் பதிவு செய்தாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

கோகிலா என்னைப் பார்க்கக்கூட இல்லை. "தப்பு என்னுதுதானுங்க அத்தை. அவசரத்துல பார்க்காம அமுக்கிட்டேனுங்க" என்றாள்.

"கல்யாணக் காரியத்துல என்ன கண்ணு அவசரம்? நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்து இப்படித்தான் பண்ணுவியா?"

"இனிமே பார்த்துப் பண்றனுங்க."

நான் உட்கார்ந்துதான் இருந்தேன். அவள் பேச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள், நான் விபூதி பூசிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நவநீதன் எவ்வளவோ பரவாயில்லை. அவனுக்கு விஷயம் தெரியாது. தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தவன் நான். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அவ அமுக்கலீங்க சம்பந்தியம்மா" என்றேன். "நான்தான் அமுக்குனேன். எனக்குச் செவப்பும் பச்சையும் தெரியாதுங்க. பொறந்ததுல இருந்தே தெரியாதுங்க. ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கும்."

இதை நான் வசந்தாமணியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. ரயில்வே டாக்டர் ஒரு புத்தகத்தில் புள்ளிகளைக் காட்டி, என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அன்றைக்கு மறைத்ததுதான்.

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார்.

"நானும் அன்னிக்குப் பார்த்தனுங்க சம்பந்தி. செவப்பாத்தானுங்க இருந்துது."

"பார்த்தீங்களா? அப்புறம் ஏனுங்க சொல்லலை?"

"நீங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருந்தவருங்க. ஏதோ செல்வாக்குல வாங்கறீங்களாட்ட இருக்குதுன்னு நினைச்சனுங்க. பொண்ணு குடுக்கற சம்பந்தியை முதல் காரியத்துலயே தப்புன்னு சொன்னா நல்லாருக்காதுங்களே."

மரியாதை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். கிணற்றை நோக்கி நடக்கிறவனிடம், 'நீங்க போனாச் சரிதானுங்க' என்று சொல்கிற மரியாதை. தனபாக்கியம் அவரைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. வழியெல்லாம் அவருக்குப் பூசை நடந்திருக்கும்.

ஆனால் அந்தம்மா அடுத்துக் கேட்டது என்னைத்தான். நிதானமாகக் கேட்டார்.

"அண்ணா, இது புள்ளைங்களுக்கு வருமுங்களா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை நாளும் மறைத்தேன். ஆனாலும் கேட்டபிறகு பொய் சொல்ல முடியவில்லை. "மகளுக்கு ஒண்ணுமில்லீங்க. அவளுக்கு எல்லா நிறமும் நல்லாத் தெரியும். மக வழியாப் பேரனுக்கு வரலாமுங்க. பாதிக்குப் பாதி."

தனபாக்கியம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "வீட்டுல பேசீட்டுச் சொல்றோமுங்க" என்றார். காபி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

டிசம்பர் 2, செவ்வாய்

போன் வரவில்லை.

டிசம்பர் 3, புதன்

இன்றும் வரவில்லை. கோகிலா மொட்டை மாடியில் மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாள். சிரிக்கிற சத்தம் கேட்கிறதா என்று படிக்கட்டில் நின்று காதைக் கொடுத்தேன். கேட்கவில்லை. கீழே வந்தவள், "அவருக்கு ஒண்ணுமில்லீங்கப்பா. அத்தைதான் பேச மாட்டேங்கறாங்களாம்" என்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

செண்பகம் மஹாலிலிருந்து வாட்ஸப் வந்தது. பதிவு செய்தவர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள் போலிருக்கிறது. இன்று உலக மாற்றுத்திறனாளிகள் தினமாம். 'தடைகளைத் தகர்ப்போம், அனைவரையும் அரவணைப்போம்' என்று வாழ்த்து. பின்னால் நவநீதன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். வாழ்த்தையும் அழுத்தமான நிறத்தின்மேல் அதே அழுத்தத்தில் அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு எழுத்தே தெரியவில்லை, கோகிலாதான் வாசித்துச் சொன்னாள். இந்த அரவணைப்பைக் கொண்டுபோய்க் குப்பையில் போடட்டும்.

இந்தக் கல்யாணம் நின்றால் என்னால்தான் நிற்கும். இதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

காலையில் வாசலில் கார் நின்றது. தனபாக்கியம் மட்டும் இறங்கி வந்தார். டிரைவரைத் தவிர கூட யாரும் இல்லை. கோகிலாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

"அண்ணா, அந்த மண்டபத்துக்குப் போலாம் வாங்க. குடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்கோணுமல்ல?"

பணத்துக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று மனசு விட்டுப் போயிற்று. கணக்கு வழக்கு முடித்துக்கொள்ளும் குடும்பம் இப்படித்தான் செய்யும். வழியில் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு அந்த வார்த்தையைக் காதால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நவநீதன் அதே சுழலும் நாற்காலியில் இருந்தான். முன்பணத்தைத் தருவதற்கு அவன் தகராறு பண்ணவில்லை. அது வேறு வழியில்லாத விஷயம். நான் ரசீதில் கையெழுத்துப் போட்டு முடிந்தும் தனபாக்கியம் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, காலியா இருந்தா காலின்னு அந்தக் கட்டத்துல எழுதிப் போட்டுருங்க. ஆளு பிடிச்சிருந்தா பிடிச்சாச்சுன்னு எழுதுங்க."

நவநீதன் புன்னகைத்தான். "சார் விஷயத்தை இப்பத்தான் சமையல்காரரு சொன்னாருங்க. பாவந்தானுங்க, ஒத்துக்கறேன். ஆனா நூத்துல ஒருத்தரு ரெண்டு பேருக்காக மொத்த வெப்சைட்டையும் மாத்த முடியாதுங்களே அம்மா. எங்களுக்கு மத்த கஸ்டமருங்களும் இருக்கறாங்க."

'பாவம்' என்ற வார்த்தை முகத்தில் சாணி அடித்ததுபோல இருந்தது.

"எங்க யாவாரம் உங்களுக்கு வேண்டாமுங்க, அது போச்சு" என்றார் தனபாக்கியம். "தை பதினாலு எங்க ஆலைக் களத்துல பந்தல் போடறோம். பந்தக்காரனுக்கு நேத்தே சொல்லியாச்சு. மாரப்பனும் வர்றேன்னு சொல்லீட்டாரு, இங்க அவரோட தம்பி வந்து சமைப்பாராம்."

எனக்குக் கேட்டது சரிதானா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நவநீதனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கட்டடம் எத்தனை வருஷம் நிக்குமுங்க தம்பி?"

"ஃபுல் கான்கிரீட்டுங்க அம்மா. அம்பது, அறுபது வருஷம் அசையாது."

"எங்களுக்கும் அவசரமில்லீங்க" என்றார் தனபாக்கியம். "எம்பேரன் இன்னும் பொறக்கலை. பொறந்து, படிச்சு, கல்யாணத்துக்கு நின்னு, மண்டபம் பார்க்க இங்க வருவான். அவனுக்குச் செவப்பு பச்சை தெரியாமயும் இருக்கலாம். பாவம்னு சொன்னா அவனுக்குக் கோபம் வரும், அவங்க தாத்தனாட்ட. அதனால அவன் வர்றதுக்குள்ள எழுத்துல போட்டு வெச்சுருங்க."